நைஸ்: ஒரு சொல்லின் எழுநூறு ஆண்டுகள்

இட்லிக்கு உளுந்து ஆட்டுகிறவர்கள் நடுநடுவே கிரைண்டரை நிறுத்திவிட்டு, ஆள்காட்டி விரலில் கொஞ்சம் மாவை வழித்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார்கள். திப்பி தட்டுப்பட்டால் கைத்தண்ணீர் தெளித்து இன்னும் சற்று ஓடவிடுவார்கள். வழுவழுப்பாக வந்துவிட்டால், "நைஸா ஆயிடுச்சு, அள்ளிடலாம்" என்பார்கள். இட்லி அரிசிக்கு இந்தப் பேச்சு கிடையாது. அது ரவைப் பதத்தில் நிற்கவேண்டும். தோசைக்கு என்றால் அரிசியும் நைஸாகத்தான் அரைபட வேண்டும்.

இங்கே 'நைஸ்' என்பது பாராட்டு அல்ல, ஓர் அளவு. மாவு எவ்வளவு நுண்ணியதாக அரைபட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் சொல். இன்றைய லண்டன்வாசி ஒருவரிடம் ஆங்கிலத்தில் இந்த மாவை 'நைஸ்' என்று சொன்னால், மாவு நன்றாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். நுண்மை என்ற பொருளை ஆங்கிலப் பேச்சுவழக்கு ஏறக்குறையக் கைவிட்டுவிட்டது. சில பழந்தொடர்களிலும் சட்ட நடையிலும் மட்டுமே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்ச் சமையலறையிலோ அது தினமும் புழங்குகிறது.

ஆங்கில-தமிழ் அகராதி எதையாவது எடுத்து இந்தச் சொல்லுக்கு நேரே பாருங்கள். இனிய, அழகான, அன்பான, நேர்த்தியான, நுட்பமான, கறாரான, எளிதில் மனநிறைவு கொள்ளாத என்று பொருள்கள் ஒரே வரியில் காற்புள்ளி இட்டு நிற்கும். மாணவர்கள் இவற்றை ஒத்த சொற்கள் என்றே மனப்பாடம் செய்கிறார்கள். அன்பானவரும் எளிதில் மனநிறைவு கொள்ளாதவரும் எப்படி ஒத்தவர்கள் ஆவார்கள்? அந்தக் காற்புள்ளிகளுக்கு நடுவே நூற்றாண்டுகள் மறைந்து கிடக்கின்றன. அகராதியின் ஒரு வரி உண்மையில் மண் அடுக்குகளைப் போன்றது. மேலே தெரிவது நேற்றுப் படிந்தது, அடியில் இருப்பது வேறு மண்.

அடியில் இருக்கும் மண் லத்தீன். 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். 'ஸ்கிரே' என்பது அறிதல், முன்னால் நிற்கும் 'நெ' இன்மையைக் காட்டுவது. அதே 'ஸ்கிரே'யிலிருந்துதான் 'சயின்ஸ்' வந்தது, மனச்சான்றைக் குறிக்கும் 'கான்ஷியன்ஸ்' வந்தது. அறிவியலும் நைஸும் ஒரே வேரில் எதிரெதிராகக் கிளைத்த சொற்கள் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். நாம் 'அறியாப் பிள்ளை' என்கிறோமே, அந்த 'அறியா'வுக்கு இணையானதுதான் இதன் பிறப்பு. பழைய பிரெஞ்சில் இது மூடன், திறமையற்றவன், அசடு என்ற பொருள்களில் வழங்கியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் அதே வசைதான். 1400இல் மறைந்த ஆங்கிலக் கவிஞர் சாசர் ஒருவரை இந்தச் சொல்லால் குறித்தால், அவரை முட்டாள் என்கிறார் என்று கொள்ளவேண்டும்.

முட்டாளைக் குறித்த சொல் நுண்மைக்கு எப்படி வந்து சேர்ந்தது? ஒரே தாவலில் அல்ல. அசட்டுத்தனம் என்பது முதலில் வீண் பகட்டாக, ஒழுக்கக் குறைவாகக் கிளைத்தது. பிறகு உடையிலும் உணவிலும் அளவுக்கு மீறிப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவரைக் குறித்தது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எதிலும் குறை கண்டு முகம் சுளிக்கிறவர் இந்தச் சொல்லுக்கு உரியவரானார். முகம் சுளிக்கிறவருக்கு ஒரு திறமை உண்டு: மற்றவர் கண்ணுக்குப் படாத சிறு வேறுபாடு அவர் கண்ணுக்குப் படும். 1400 அளவில் மென்மையான, நொய்தான என்ற பொருளும், 16ஆம் நூற்றாண்டில் துல்லியமான என்ற பொருளும் இந்த வழியாகத்தான் வந்தன. குறைசொல்லில் இருந்த கசப்பு மெல்ல வடிந்து, அதற்குள் இருந்த கூர்மை மட்டும் தங்கியது.

நடுவே இன்னொரு கிளையும் உண்டு. கூச்சம், நாணித் தயங்குதல் என்ற பொருளிலும் இந்தச் சொல் வழங்கியது. அறியாமையிலிருந்து நாணத்துக்கு ஒரு சொல் போகமுடியுமா என்று ஆங்கில வாசகர் வியக்கலாம். தமிழருக்கு இது புதிதல்ல. நம்மிடம் 'மடம்' இருக்கிறது. மடமை என்றால் அறிவின்மை, மடையன் என்றால் வசை. ஆனால் அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்ற வரிசையில் அதே மடம் பெண்ணுக்கு அணியாகச் சொல்லப்பட்டது. சொல்லிக் கொடுத்ததைப் பற்றிக்கொண்டு விடாதிருக்கும் இயல்பு என்று உரையாசிரியர்கள் அதற்கு விளக்கம் தந்தார்கள். சங்கப் பாடல்களில் மடமான், மடமகள் என்று வரும்போது இளமையும் மென்மையும் அதில் சேர்ந்தே ஒலிக்கின்றன. அறியாதிருப்பது அழகு என்று எண்ணிய சமூகம் எங்கே இருந்தாலும், அங்கே இப்படி ஒரு சொல் பிறந்துவிடும். 'மட' என்ற அடைமொழியை நான் அழகான சொல் என்றே பள்ளியில் படித்தேன். அதன் பின்னால் இருந்த கணக்கு பிற்பாடுதான் புரிந்தது. அந்தக் கணக்கை ஏற்க என்னால் முடியவில்லை.

எதிர்த் திசையில் நடந்த சொற்களும் இரண்டு மொழிகளிலும் உண்டு. ஆங்கிலத்தில் இன்று அசட்டுத்தனத்தைக் குறிக்கும் 'சில்லி' பழைய ஆங்கிலத்தில் பேறுபெற்ற, மகிழ்ச்சியான என்று பொருள்பட்டது. பேறுபெற்றவர் களங்கமற்றவர், களங்கமற்றவர் இரக்கத்துக்குரியவர், இரக்கத்துக்குரியவர் அசடு என்று படிப்படியாக அது இறங்கியது. தமிழில் 'வெகுளி'யைப் பாருங்கள். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் வெகுளி என்பது சினம். திருக்குறளில் சினம் கொள்ளாமைக்கு 'வெகுளாமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இன்று 'அவள் ஒரு வெகுளி' என்றால் சூதுவாது அறியாதவள். நினைத்ததை மறைக்கத் தெரியாமல் சட்டென்று சினப்பவரிடம் கள்ளம் இருக்காது என்ற எண்ணம் நடுவே பாலமாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் நைஸ் ஒரு கலங்கிய குளம். பழைய பொருள் போகவில்லை, புதிய பொருள்கள் குவிந்துவிட்டன. அந்தக் காலத்து எடுத்துக்காட்டுகள் பலவற்றில் எழுதியவர் எந்தப் பொருளைக் கருதினார் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே ஒப்புக்கொள்கிறது.

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் ஓர் இடம் உண்டு. ஜூலியட் இறந்ததுபோல் கிடப்பது மருந்தின் வேலைதான் என்று ரோமியோவுக்குத் தெரிவிக்கும் கடிதத்தைப் பாதிரியார் லாரன்ஸ் அனுப்புகிறார். கொண்டுபோனவரோ கொள்ளைநோய் பயத்தில் பூட்டப்பட்ட வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார். கடிதம் போய்ச் சேரவில்லை. செய்தி கேட்டுப் பதறும் லாரன்ஸ், அந்தக் கடிதம் 'நைஸ்' அல்ல என்கிறார். இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் படித்தால், கடிதம் நயமாக எழுதப்படவில்லை என்று நினைப்பார். லாரன்ஸ் சொல்வது வேறு: அது அற்பமான கடிதம் அல்ல, உயிர்போகும் காரியம் அதில் இருந்தது. இங்கே நைஸ் என்றால் அற்பம். நாடகத்தின் உச்சத்தில் நிற்கும் ஒரு வாக்கியத்தை 'நன்றாக இல்லாத கடிதம்' என்று மொழிபெயர்த்தால் அந்தக் காட்சியே சரிந்துவிடும்.

1755இல் சாமுவேல் ஜான்சன் தம் பேரகராதியை வெளியிட்டபோது, இந்தச் சொல்லுக்கு நுணுகிய துல்லியம், மிகையான கவனம், எளிதில் ஊறுபடும் மென்மை போன்ற பொருள்களையே தந்தார். இனிமையான என்ற இன்றைய முதற்பொருள் அதில் இல்லை. அடுத்த 15 ஆண்டுகளுக்குள், 1769 அளவில், அது எழுத்தில் தலைகாட்டுகிறது. பிறகு காட்டாற்று வேகம்தான். உணவு, வானிலை, மனிதர், வீடு, தொப்பி என எதைப் பாராட்டவும் இந்த ஒரே சொல். அன்பான, கனிவான என்ற பொருள் 1830 வாக்கில் சேர்ந்தது.

இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே அதைப் பிடித்துக் காட்டியவர் ஜேன் ஆஸ்டின். 'நார்த்தாங்கர் ஆபி' நாவலை அவர் 1790களின் இறுதியில் எழுதினார். 1803இல் 10 பவுண்டுக்கு வாங்கிய பதிப்பாளர் அதை அச்சிடாமலே வைத்திருந்தார். கடைசியில் ஆஸ்டின் இறந்த பிறகு, 1817 டிசம்பரில்தான் நூல் வந்தது. பாத் நகரத்தை ஒட்டிய பீச்சன் கிளிஃப் குன்றுக்கு மூவர் நடந்து போகிறார்கள்: 17 வயதுப் பெண் கேதரின், அவள் மனம் நாடும் ஹென்றி டில்னி, ஹென்றியின் தங்கை எலினர். ஆன் ராட்கிளிஃப் எழுதிய 'உடால்ஃபோ' திகில் நாவலைப் பற்றிப் பேச்சு வருகிறது. உலகத்திலேயே மிக நைஸான புத்தகம் அதுதானே என்று கேதரின் கேட்கிறாள். நைஸ் என்று நீ சொல்வது நேர்த்தியைத்தானே, அப்படியானால் அது பைண்டிங்கைப் பொறுத்தது என்கிறான் ஹென்றி. அவன் விடுவதாக இல்லை. நாளும் நைஸ், நடையும் நைஸ், நீங்கள் இருவரும் நைஸ் என்று அடுக்குகிறான். முன்பு நேர்த்திக்கும் நயத்துக்கும் உரியதாக இருந்த சொல்லில், இப்போது எல்லாப் பாராட்டும் அடங்கிவிட்டதாம். அண்ணன் இப்படித்தான், சீக்கிரம் சொல்லை மாற்றிக்கொள், இல்லையென்றால் வழி முழுக்க ஜான்சனைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவான் என்று எலினர் கேதரினைக் காப்பாற்றுகிறாள்.

ஹென்றி அறிவாளி. ஆனாலும் அவன் சொன்ன 'முன்பு' போதுமான தூரம் பின்னால் போகவில்லை. நேர்த்திக்கும் முன்பு அந்தச் சொல் மூடனுக்கு உரியதாக இருந்தது அவன் வாதத்தில் வரவே இல்லை. சொல்லின் சரியான பொருள் இதுதான் என்று வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் தாம் சிறுவயதில் கற்ற அடுக்கையே அடிமண் என்று நம்புகிறார்கள். தமிழில் நடக்கும் சொல்வாதங்களிலும் இதைக் கண்டிருக்கிறேன். கேதரினோ நாணத்தோடு, ஆனால் விட்டுக்கொடுக்காமல், அது உண்மையிலேயே நைஸான புத்தகம்தானே, அப்படிச் சொன்னால் என்ன என்று கேட்கிறாள். மொழி யார் பக்கம் போனது என்று பார்த்தால், கேதரின் பக்கம்தான். 1926இல் ஃபௌலர் தம் ஆங்கில நடை நூலில், பெண்கள் இந்தச் சொல்லின்மேல் வைத்த ஆசையால்தான் அது தனித்தன்மை இழந்தது என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆண்கள் எழுதியதிலும் அது அதே அளவு நீர்த்துப்போயிருந்ததை அவர் கண்டுகொள்ளவில்லை. அந்தக் குற்றச்சாட்டு நியாயமற்றது.

ஒத்த சொற்களுக்கு வருவோம். பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல், தம் 73ஆம் வயதில், ஆங்கிலச் சொற்களை 1000 கருத்துத் தலைப்புகளின் கீழ்த் தொகுத்து வெளியிட்டார். அகரவரிசையை விட்டுப் பொருள்வரிசையில் சொற்களை நிறுத்தும் முறை தமிழுக்குப் பழையது. ரோஜேக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சேந்தன் திவாகரம் என்ற நிகண்டு தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கு, மரம், இடம் என்று 12 தொகுதிகளாகச் சொற்களைப் பகுத்தது. பதினோராம் தொகுதி ஒரு சொல் பல பொருள் தருவதற்கே ஒதுக்கப்பட்டது. ஒரு பொருளுக்குப் பல சொல் என்பதும், ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்பதும் தனித்தனிச் சிக்கல்கள் என்று நிகண்டாசிரியருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய மாணவர் கையேடுகள் இரண்டையும் குழப்பிவிடுகின்றன.

நைஸுக்கு இணை என்று சொல்லப்படும் சொற்களில் ஒவ்வொன்றுக்கும் தனி ஊர் உண்டு. 'ஃபைன்' என்பது முடிவு என்று பொருள்படும் லத்தீன் 'ஃபினிஸ்'ஸிலிருந்து வந்தது. வேலை முடிந்து, செம்மையாகி, மெருகேறியது ஃபைன். நாம் கட்டும் அபராதமும் அதே வேர்தான், வழக்கை முடித்துவைக்கக் கட்டிய பணம் என்ற வகையில். 'கைண்ட்' என்பது இனத்தையும் உறவையும் குறிக்கும் சொற்களோடு பிறந்தது. நம்மவர் என்று எண்ணுவதால் வரும் கனிவு அது. 'டெலிகேட்' கைபட்டால் உடையும். இவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப்போட முடியாது. நைஸுக்குள் இவை எல்லாமே அடங்குவதால்தான் அது எதையும் தனியாகச் சுட்டுவதில்லை.

இந்தியத் தீர்ப்புகளில் 'நைஸ்' என்ற அடைமொழியோடு சட்டக் கேள்வி ஒன்று வந்தால், நூலிழை வேறுபாட்டில் நிற்கும் சிக்கலான கேள்வி என்று பொருள். நல்ல கேள்வி என்று தமிழாக்கினால் நீதிபதி வழக்கறிஞரைப் பாராட்டியது போல ஆகிவிடும். ஆங்கிலப் பேச்சில் 'நைஸ்' சேர்த்துச் சூட்டைச் சொன்னால் அது வெறும் அழுத்தம், தமிழில் 'நல்ல சூடு' என்பதைப் போல. இந்த வகையில் நம் 'நல்ல' அச்சாக நைஸைப் போலவே வேலை செய்கிறது. நல்ல மழை, நல்ல பசி, நல்ல காய்ச்சல், நல்ல அடி. காய்ச்சலிலும் அடியிலும் நன்மை ஏது? மிகுதி மட்டுமே அங்கே மிஞ்சியிருக்கிறது. நல்ல தண்ணீர் என்றால் குடிக்கத் தக்கது, குமரி மாவட்டத்து நல்லமிளகு என்றால் குறுமிளகு.

மறுபடியும் மாவுக்கு வருகிறேன். நுண்மை, மென்மை என்ற பொருள் ஆங்கிலத்தில் உயிரோடு இருந்தபோது இந்தச் சொல் நம்மிடம் வந்திருக்கவேண்டும் என்பது என் கணிப்பு. 'நைஸான துணி', 'மாவை நைஸா அரை' என்ற வழக்குகளில் அந்தப் பொருள் அப்படியே உறைந்து நிற்கிறது. இறக்குமதியான சொல் ஊன்றி நிற்க உள்ளூரில் ஒரு பற்றுக்கோல் வேண்டும். 'நை' என்ற தமிழ் வினை அந்தப் பற்றுக்கோலாக இருந்திருக்கலாம். நைதல் என்றால் நசுங்குதல், தேய்ந்து மெலிதல், குழைதல். நைந்த துணி, நையப் புடைத்தான் என்று இன்றும் சொல்கிறோம். நைய அரைத்த மாவுக்கும் நைஸா அரைத்த மாவுக்கும் காதில் எவ்வளவு தூரம்?

தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. "நைஸா நழுவிட்டான்", "நைஸா பேசிக் காசைக் கறந்துட்டான்". ஓசைப்படாமல், தந்திரமாக, தேனொழுக என்ற இந்தப் பொருள் ஆங்கிலச் சொல்லில் இந்த வடிவில் கிடையாது. இது எங்கிருந்து வந்தது? 'நைச்சியம்' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். நைச்சியமாகப் பேசி அழைத்துவந்தான் என்று கிராமங்களில் இன்றும் பெரியவர்கள் சொல்வதுண்டு. வடமொழியில் தாழ்மையைக் குறிக்கும் 'நைச்ய' அதன் மூலம். இறைவன்முன் தன்னைத் தாழ்த்திச் சொல்லிக்கொள்வதை வைணவர்கள் நைச்சியானுசந்தானம் என்பார்கள். பக்தியில் உண்மையாக இருந்த பணிவு, உலக வழக்கில் காரியத்துக்காகக் காட்டும் பணிவாகியது. அந்த நைச்சியத்தின் நிழல் நைஸின்மேல் விழுந்துதான் இந்தத் தந்திரப் பொருள் முளைத்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஓர் ஆங்கிலச் சொல், ஒரு தமிழ் வேர், ஒரு வடசொல் மூன்றும் கலந்த கூட்டு இது. ஆங்கிலம் கலந்துவிட்டது என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடக் கூடியது அல்ல.

ஆனாலும் ஒரு வருத்தம் எனக்கு உண்டு. நைஸ் வருவதற்கு முன் நம் வீடுகளில் மாவுக்கு வேறு சொற்கள் இருந்தன. 'மைய அரை' என்றார்கள், கண்ணுக்கு இடும் மை போல. மசிய, வெண்ணெயாக, பட்டுப்போல என்பவை வேறு வேறு பதங்கள். எதிர்ப்பக்கத்தில் கொரகொரப்பு, கரகரப்பு, குருணை, நொய், ஒன்றிரண்டாக இடித்தது என்று ஏணிப்படி போல ஒரு வரிசை. நுண்மைக்கே நொசிவு, நுழைவு, நுணங்கு என்ற மூன்று உரிச்சொற்களைத் தொல்காப்பிய உரியியல் பதிவு செய்திருக்கிறது. கொரகொரப்பு வரிசை பெருமளவு பிழைத்திருக்கிறது, ஏனென்றால் அங்கே நைஸ் போய் நிற்கமுடியாது. மைய, மசிய என்பவைதான் மிக்ஸி வந்த வீடுகளில் ஓசையின்றிக் குறைந்துவருகின்றன. ஆங்கிலத்தில் எல்லாப் பாராட்டையும் விழுங்கிய சொல், இங்கே நுண்மைச் சொற்களை விழுங்குகிறது. பாராட்டுச் சொற்களை விழுங்கும் வேலையை நம்மிடம் 'சூப்பர்' பார்த்துக்கொள்கிறது. குழம்பும் சூப்பர், கவிதையும் சூப்பர், பேரன் நடந்த முதல் அடியும் சூப்பர்.

அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் கை பழகியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். துவையலுக்கு எந்தப் பதம், வடைக்கு எந்தப் பதம், மீன்குழம்பு மசாலாவுக்கு எந்தப் பதம், ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஊரில் என்ன சொல் என்று அவர்களிடம் கேளுங்கள். சொல்லும்போது அவர்கள் விரல்கள் எப்படித் தேய்த்துக் காட்டுகின்றன என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.